கடித்த நாயும் கட்டிய நாயும்

என் மாமனாருக்கும் எனக்கும் முதல் பேச்சு நடந்ததே ஒரு நாயால்தான். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் பேசியதில்லை. சண்டை ஒன்றுமில்லை, எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. மாமனார் வருகிற வழியில் புது மருமகள் நிற்கக்கூடாது. எது கேட்பதானாலும் மாமியார் வழியாகத்தான் கேட்க வேண்டும். "அவகிட்ட வெள்ளம் கொண்டாரச் சொல்லு" என்பார். நான் நாலடி தள்ளிச் செம்பில் தண்ணீரோடு நின்றுகொண்டுதான் இருப்பேன். மாமியார் என் பக்கம் திரும்பி, "வெள்ளம் கேக்காவ" என்பாள். செம்பு என் கையிலிருந்து அவள் கைக்குப் போய், அங்கிருந்து அவர் கைக்குப் போகும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் செம்பு கைமாறும்வரை தலையை நிமிர்த்த மாட்டேன்.

முப்பதுகளின் தொடக்கம், திருவிதாங்கூர் மகாராஜா காலம். நான் இரணியல்காரி. என்னைக் கட்டிக்கொடுத்தது வடசேரிச் சந்தையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தெருவில். என் வீட்டுக்காரர் மலையில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தார், மாதம் ஒரு தடவை தலைகாட்டுவார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மாமனாருக்குத் தொழில் மனு எழுதுவது. தாலுகா கச்சேரி வாசலில் மரத்தடியில் பெட்டியை வைத்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஆள் ஓயாது. அவர் எழுதின மனுவைத் தள்ளுபடி செய்ய அதிகாரிகளுக்கே மனசு வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது, அதுதான் வினை.

சந்தை இருக்கிற இடத்தில் நாய் இருக்கும். மீன்காரிகள் கூடையை உதறிவிட்டுப் போனதும் அதுகள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வரும். ஒன்றுக்கு வண்டிச் சக்கரம் ஏறி ஒரு கால் போயிருந்தது. ஒன்றுக்கு முதுகெல்லாம் சொறி. வடித்த கஞ்சியைச் சூடு ஆறாமல் அதுகளின் மேலே வீசுகிற மகராசிகளும் எங்கள் தெருவில் இருந்தார்கள், கோயிலுக்கும் தவறாமல் போவார்கள். நான் யாரும் பார்க்காத நேரத்தில் அடுக்களைக்குப் பின்னால், கால்வாய்ப் பக்கம், ஆறின கஞ்சியைச் சிரட்டையில் ஊற்றி வைப்பேன். வந்த வீட்டில் எனக்கென்று இருந்த உறவு அப்போது அதுகள்தான், சொல்வதற்கென்ன வெட்கம்.

அதில் இரண்டு செவலைகள். ஒரே ஈற்றுக் குட்டிகள். இரண்டுக்கும் முன்னங்கால் ஒன்று வெள்ளை. பார்த்தால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் குணத்தில் ஒட்டே கிடையாது. ஒன்று நாக்கைச் சொடுக்கினால் குழைந்துகொண்டு வந்து காலடியில் மல்லாந்துவிடும். மற்றது பத்தடிக்கு இந்தப் பக்கம் வராது. நான் சிரட்டையை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினால்தான் வந்து குடிக்கும். யாரோ அதற்கு மனுஷனைப் பற்றி நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மாமனாருக்கு எல்லா நாயும் சவம்தான். "சவத்து எளவு, ராத்திரி பகலா என்னா பெகளம்!" என்று கல்லைப் பொறுக்குவார். கடைசியில் ஒரு நாள் உட்கார்ந்து சுகாதார ஆபீசுக்கு ஒரு மனு எழுதினார். தெருவில் எல்லார் கையெழுத்தும் வாங்கினார். எழுதினதை மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினார், எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் என்று நினைக்கிறேன். அதில் ஒரு வரி எனக்கு நன்றாக ஓர்மை இருக்கிறது. 'கழுத்தில் கயிறில்லாத நாய்களை உடையவரற்றவையாகக் கருதி ஒழித்துக்கட்ட உத்தரவாக வேண்டும்' என்பது அது. கயிறு கட்டின நாயைத் தொட்டால் உடைமைக்காரன் வழக்குப் போடுவான் பார், அதற்காகத்தான் அந்த வரி என்று மாமியாருக்கு விளக்கமும் சொன்னார். மனுஷன் எதையும் ஓட்டை வைக்காமல் எழுதுவார்.

மனு போய் இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் கச்சேரியிலிருந்து வருகிறார். கண்ணாடி நெற்றியில், கையில் யாருடைய பிரமாணப் பத்திரமோ, படித்துக்கொண்டே வருகிறார். ஆளில்லாத வாசல்படி ஓரம் செவலை ஒன்று அசந்து தூங்கிக் கிடந்தது. ஆணி அடித்த செருப்போடு அதன் வாலில் முழுப் பாரத்தையும் வைத்து ஏறிவிட்டார். அது என்ன செய்யும்? திரும்பிக் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. நான் ஓடி வந்து பார்க்கையில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. நாயைக் காணோம்.

ஆஸ்பத்திரியில் புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டினார்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடித்த நாயைப் பிடித்துக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்க வேண்டும். அது தின்றுகொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு நன்றாக இருந்தால் பயமில்லை. அது செத்தாலோ, காணாமல் போனாலோ, தண்ணீரைக் கண்டு மிரண்டாலோ, அன்றைக்கே திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறிவிட வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஊசி என்றதும் மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். போதாக்குறைக்கு மாமியார் விஷவைத்தியரையும் கூட்டி வந்தாள். அவர் பச்சிலைச் சாற்றைக் கொடுத்து, அதே பத்து நாளைக்கு உப்பில்லாப் பத்தியம் என்று சொல்லிவிட்டுப் போனார். புளி கிடையாது, மீன் கிடையாது, உப்பு ஒரு கல்கூடக் கிடையாது.

"ஏட்டி, நீதானே அதுகளுக்குக் கஞ்சி ஊத்துகவ? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? போய் அந்தச் செவலையைப் புடிச்சுக்கிட்டு வா" என்றாள் மாமியார். அடுக்களைப் புறம் போய் நாக்கைச் சொடுக்கினேன். செவலை வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. கிணற்றுத் தொட்டிக்கயிற்றை எடுத்துத் தொழுவத்தில் கட்டினேன். சாயங்காலம் ஒருத்தர் காலைக் கடித்த நாய், கூப்பிட்டதும் குழைந்துகொண்டு வருமா என்று எனக்குத் தோன்றவில்லை. பதினேழு வயது மூளை. படித்த மாமனாருக்கும்தானே தோன்றவில்லை?

அன்றிலிருந்து அந்த நாய்க்கு வந்த வாழ்வைப் பார்க்கணுமே! காலையில் கண் விழித்ததும் அவர் சாமி படத்தைப் பார்க்கப் போகவில்லை, நொண்டிக்கொண்டு தொழுவத்துக்குத்தான் போனார். "அது சோறு தின்னாண்ணு கேளு", "வெள்ளம் குடிச்சாண்ணு கேளு" என்று மாமியாரை விரட்டினார். தனக்கு வந்த பாலில் பாதியை அதற்கு ஊற்றச் சொன்னார். கல்லெறிந்த கையால் அதன் காது மடலில் உண்ணி பொறுக்கினார். தெருக்காரர்கள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "மனு எழுதினவருக்கு இப்போ நாய்க் காவலாக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் காதில் வாங்கவேயில்லை. "நீ நல்லா இரிக்கணும் கேட்டியா, நீ இருந்தாத்தான் நான்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக என்னோடு பேசாத மனுஷன் நாயோடு பேசினார்.

வியாழக்கிழமை மத்தியானம். கால்வாய்க்கரையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். வாழைக்கு நடுவில் மற்ற செவலை நின்றது. நின்ற வாக்கில் திரும்பித் திரும்பி வாலை நக்கிக்கொண்டே இருந்தது. வால் நுனி நசுங்கி வீங்கி, ஈ மொய்த்துக் கிடந்தது. எனக்குக் கையில் இருந்த உருளி நழுவிவிட்டது. உள்ளே ஓடித் தொழுவத்தில் கட்டியிருந்ததன் வாலைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அது என் முகத்தை நக்கிற்று.

யாரிடம் சொல்வேன்? அவரிடம் நான் பேசக்கூடாது. மாமியாரிடம் சொன்னால், ஏற்கெனவே "இவ வந்த நேரம்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், என்னை இரணியலுக்கே வண்டி ஏற்றிவிடுவாள். அந்த மற்ற நாயைப் பிடித்துக் கட்டவும் என் ஒருத்தியால் ஆகாது, துரத்தினால் ஊரை விட்டே ஓடிவிடும். ஓடிவிட்டால் பதினாலு ஊசி. நான் கோழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று செய்தேன். அந்த நாயை நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

தினம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, ஒரு சிரட்டையில் சோறும் ஒரு சிரட்டையில் தண்ணீரும் கொண்டுபோய்க் கால்வாய்க்கரையில் வைப்பேன். தூரத்தில் ஒரு வாழைமூட்டுக்குப் பின்னால் குத்தவைத்து உட்காருவேன். அது வந்து, சுற்றிலும் பார்த்து, தின்று, தண்ணீரை நக்கிக் குடிக்கும். அது குடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். அது குடிக்கிற ஒவ்வொரு மடக்குக்கும் இசக்கியம்மனுக்கு ஒரு நேர்ச்சை சொன்னேன். சனிக்கிழமை அது வரவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமனார் செம்பைத் தூக்கித் தண்ணீர் குடிக்கும்போது கதவிடுக்கில் நின்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அது வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "எங்க போய்த் தொலஞ்சே சவமே?" என்று திட்டினேன். அது தின்றுகொண்டே உறுமிற்று.

திங்கட்கிழமை, ஏழாம் நாள். விடிந்ததும் தெரு முனையில் தமுக்குச் சத்தம். மனு பலித்துவிட்டது! கழுத்தில் கயிறில்லாத நாய்களையெல்லாம் இன்று அடித்துவிடப் போகிறார்கள். கம்பிச் சுருக்கு வைத்த நீளக் கம்பும் தடியுமாக இரண்டு பேர், பின்னால் ஒரு வண்டி. எங்கள் வாசலுக்கு வருகையில் வண்டியில் ஏற்கெனவே ஐந்தாறு கிடந்தன. கால் போன அந்த நாயும் கிடந்தது. முந்தின நாள் என் கஞ்சியைக் குடித்த நாய் அது. அதைப் பார்த்த கண்ணை நான் எங்கே கொண்டு வைப்பேன்? இன்றைக்கும் வைக்க இடமில்லை.

மாமனார் தொழுவத்து வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார். "இதுக்குக் கயிறு கெடக்கு, பாத்துக்கிடுங்க" என்றார். அவர்கள் எட்டிப் பார்த்து, "சரி மூப்பிலே, இது வேண்டாம். பொறத்தால கால்வாய்ப் பக்கம் ஒரு செவலை நிக்குன்னாவ, அதைப் பாக்கட்டு" என்று நகர்ந்தார்கள். மாமனார் நிம்மதியாகத் திரும்பினார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வழக்கமாவது ஒன்றாவது!

"மாமா, உங்களைக் கடிச்சது இதில்ல. கால்வாய்ப் பக்கம் நிக்குல்லா, அதாக்கும்" என்றேன்.

மாமியார் கையில் இருந்த முறம் கீழே விழுந்தது. மாமனார் பழக்கதோஷத்தில் அவள் பக்கம் திரும்பி, "என்ன சொல்லுகா இவ?" என்று கேட்டார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "நீ சொல்லு."

"வாலைப் பாருங்க மாமா. நீங்க மிதிச்ச வால் இதில்ல. அதைத் தெனமும் நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். சோறு திங்கு, வெள்ளம் குடிக்கு. ஒண்ணும் இல்ல. ஆனா இப்போ அதை அடிச்சுப் போட்டா நமக்கு ஒண்ணும் தெரியாம போயிரும்."

அறுபது வயது மனுஷன், காலில் கட்டோடு, கொடியில் கிடந்த கயிற்றை உருவிக்கொண்டு அடுக்களை வழியாக ஓடினார். நானும் ஓடினேன். கால்வாய்க்கரையில் அந்த நாயை வேலி மூலையில் மடக்கிவிட்டிருந்தார்கள். சுருக்குக் கம்பு அதன் தலைக்கு நேரே நீண்டுகொண்டிருந்தது.

"நில்லுங்க! அது எனக்க நாய்!" என்று கத்தினார் மாமனார்.

"கயிறு இல்லையே மூப்பிலே?"

"கயிறு இன்னா இருக்கு!"

"கையில இருந்தா போதுமா? கழுத்துல இருக்கணும்லா. உத்தரவு அப்படியாக்கும்."

அது அவர் கையால் எழுதின வரி. இரண்டடி முன்னால் வைத்தார், நாய் பல்லைக் காட்டிற்று. அவர் கால் தானாகப் பின்னால் வந்தது. அப்படியே என்னைப் பார்த்தார்.

கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கினேன். மாமியார் வழியாக இல்லை, நேராக. "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று அந்த ஆட்களையும் ஒரு அதட்டு அதட்டினேன், எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம். அதுவரை அந்த நாயை நான் தொட்டதில்லை. பக்கத்தில் குத்தவைத்து, "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே கயிற்றைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனேன். முடிச்சுப் போடும்போது மணிக்கட்டில் கவ்வியது. கை விடவில்லை. ஒரு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சும் போட்டுவிட்டுத்தான் கையை எடுத்தேன். கயிறு கழுத்தில் கிடந்தது. அந்த ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அய்யோ மக்கா!" என்றார் மாமனார். மக்கா என்று, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, என்னைத்தான் கூப்பிட்டார். என் கையைப் பிடித்துக் கால்வாய்த் தண்ணீரில் அவரே கழுவினார், கழுவிக் கழுவி விட்டார். அந்தக் காலத்தில் ஒரு மாமனார் நாலு பேர் பார்க்க மருமகள் கையைப் பிடிப்பதா! வேலிக்கு மேல் தெருவே நின்று பார்த்தது.

டாக்டர் பழைய பாட்டையே பாடினார். எனக்குப் பத்து நாள் அன்றிலிருந்து தொடக்கம். வைத்தியரும் அதே சாறு, அதே பத்தியம். மாமியார் எங்கள் இரண்டு பேருக்கும் தனியாக ஒரு பானை வைத்தாள். "மாமனாரும் மருமவளும் நல்ல பொருத்தம், நாய்க்கடிப் பொருத்தம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். தொழுவத்தில் இரண்டு செவலைகளும் பக்கத்துப் பக்கத்தில். அவர் கூடத்தில் இருந்துகொண்டு, "வெள்ளம் குடிச்சா மக்கா?" என்று கேட்பார். "குடிச்சு மாமா" என்பேன் அடுக்களையிலிருந்து. நடுவில் நின்ற மாமியாருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

திட்டாமலும் இல்லை. "நாலு நாள் எங்கிட்ட மறச்சியே, நான் செத்துக் கித்துப் போயிருந்தா?" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தார். "நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேனே மாமா" என்றேன். "ரெண்டு பக்கம் எழுதினேன், ஒரு நாய் மூஞ்சியக்கூடப் பாக்காம எழுதினேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை அவருடைய பத்து நாள் முடிந்தது. கடித்த நாய் உறுமிக்கொண்டு, கயிற்றைக் கடித்துக்கொண்டு, சௌக்கியமாக இருந்தது. வைத்தியரும் பத்தியம் முடிந்தது என்று சொல்லிவிட்டார். மாமியார் சந்தையிலிருந்து சாளை மீன் வாங்கி, மாங்காய் போட்டுத் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். பத்து நாள் காய்ந்து கிடந்த நாக்கு அவருக்கு. தெரு வரைக்கும் வாசம். அவர் இலை முன்னால் உட்கார்ந்து, குழம்பு விழுந்ததும், கையை வைக்காமல் கேட்டார்.

"அவளுக்கு?"

"அவளுக்கு இன்னும் ஏழு நாள் கெடக்குல்லா. அவ சோறு தனியா இருக்கு."

இலையை அப்படியே தள்ளி வைத்தார். "இதை எடுத்துக்கிட்டுப் போ. எனக்கும் அந்தச் சோத்தையே போடு."

"என்ன கிறுக்கு இது! வைத்தியரு முடிஞ்சாச்சுன்னு சொன்னாருல்லா?"

"அவருக்கு முடிஞ்சிருக்கும். அந்தப் புள்ள கயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கடிபட்டது யாருக்காக? அவ உப்பில்லாம திங்கும்போ நான் மீனாட்டீ திங்கணும்? போடுட்டீ."

அடுக்களையில் நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். எங்க அப்பா எனக்குச் சிறுசிலேயே போய்விட்டார். போய்விட்ட அந்த ஒன்று அன்றைக்குத் திரும்பி வந்தது என்றுதான் எனக்குப் பட்டது. அந்த மீனை அன்று மாமியாரும் இரண்டு நாய்களும்தான் தின்றார்கள்.

அந்த ஏழு நாளும் அவர் உப்பைத் தொடவில்லை. கச்சேரிக்கும் போகாமல் ஒரு காரியம் பார்த்தார். வாழைநாரைத் திரித்துத் திரித்துக் கயிறாக்கி, தெருவில் மிஞ்சின நாய்கள் கழுத்திலெல்லாம் போட்டுவிட்டார். அவர் பிடித்துக்கொள்ள, நான் முடிச்சுப் போட. சுடுகஞ்சி வீசின வீட்டுக்காரர்கள் கேட்டதற்கு, "கயிறு இருந்தா தொடப்பிடாது, உத்தரவைப் போய் வாசிச்சுப் பாரும்" என்றார். அடுத்த தடவை வண்டி வந்தபோது எங்கள் தெருவில் அதற்கு வேலை இருக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை என்னுடைய பத்தாம் நாள். மாமியார் மறுபடியும் சாளைக் குழம்பு வைத்தாள். அன்றைக்கு அவர் கூடத்தில் உட்காரவில்லை. இலையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். பின்வாசலில் கடித்த செவலை நின்றது. வால் ஆறிவிட்டது, நுனி மட்டும் கோணல். தன் இலையிலிருந்து ஒரு மீனை எடுத்துப் போட்டார். அது அவரைப் பார்த்து உறுமிவிட்டு மீனை எடுத்துக்கொண்டு போயிற்று. "நன்றி கெட்ட சவம்" என்றார், அவ்வளவு ஆசையாக.

பிறகு உப்பு மரவையில் கையை விட்டு அள்ளி அவர் கையாலேயே என் சோற்றில் போட்டார். பரிமாறிப் பழகாத கை, அளவு தெரியாது. "தின்னு மக்கா" என்றார்.

முதல் உருண்டையை வாயில் வைத்தேன். உப்பு ரொம்பக் கூடுதலாக இருந்தது. நான் சொல்லவில்லை.